ரெண்டு தரத்துக்கு அப்புறம்

குழித்துறை
6 மே 2024

அன்புள்ள ஞானதாசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அத்தானும் சுகம். கோடை மழை பெய்ததில் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. நீயும் அஜிஷாவும் சுகம்தானே?

நாம் ஈஸ்டர் அன்று பேசியதுதான். அன்றைக்கே உன் தொண்டை கட்டியிருந்தது. கேட்டதற்கு ஏசிக் குளிர் என்றாய். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. 'பிறகு' என்று ஒரு சொல் மட்டும் வருகிறது. எனக்குக் கைப்பேசியில் கொத்திக் கொத்தி எழுத வராது. அதனால் கல்லூரியில் வகுப்பு முடிந்த பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

ஒரு காரியம். நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு நவம்பர் 24 என்று நாள் குறித்துவிட்டார்கள். செயலாளர் சத்தியநேசன் இப்போதே, "ஞானதாசன் லீவு போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போன வருடம் உன் விமானம் தாமதமாகி, காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலத்தை அவரே தொடங்கினாரே, நினைவிருக்கிறதா? நல்ல வாழைக்குலை, அந்த ஏத்தங்குலையைத் தூக்கிப் பிடித்து, "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார். முற்றமே கொட்டாவி விட்டது. நீ வந்து மைக்கை வாங்கிய பிறகுதான் கோழிகூடக் கூவியது. "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு நீ ஒரு நிறுத்து நிறுத்துவாயே, பாதிக் காணிக்கை அந்த நிறுத்தலில்தான் விழுகிறது என்பது அத்தானின் கணக்கு.

வரும் தேதியை எழுது. அஜிஷாவுக்கு என் அன்பு.

அக்கா ஜெபகனி


மஸ்கட்
19 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே இரண்டு பேரும் சுகம். வெயில்தான் தாங்க முடியவில்லை. அஜிஷாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி அதிகம்.

போனில் பேசாததைத் தப்பாக நினைக்காதே. இங்கே வாட்ஸாப்பில் அழைப்பு போகாது என்று உனக்கே தெரியும். நாம் பேசுகிற அந்த இன்னொரு ஆப்பும் இப்போது ஓடுவதில்லை. இப்படி எழுதுவது எனக்கும் நல்லதுதான்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அதற்கு அப்புறம் அவரால் பேச முடியாது. நாம் டைப் செய்வதைக் கணினி சத்தமாகச் சொல்கிற ஒரு இலவச புரோகிராமை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகச் சொல்கிறது. தமிழில் அடித்தால் வாயே திறப்பதில்லை. நடுவில் எண் வந்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் ஊமையாகிவிடுகிறது. குறைந்தபட்சம் திணறியாவது பார்க்கலாம் அல்லவா? ஏன் அப்படி ஒரேயடியாக விட்டுவிடுகிறது? நீ பிள்ளைகளுக்கு இதைத்தானே பாடம் எடுக்கிறாய். பார்க்க முடியுமா?

லீவு பற்றி இன்னும் தெரியவில்லை. அத்தானுக்கு அன்பு.

ஞானதாசன்


குழித்துறை
22 மே 2024

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகம் அறிந்து சந்தோஷம்.

எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறது என்று எழுதினாயே, அது என் மண்டைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நிரலின் மூலம், அதை எழுதிய வரிகள், கிடைத்தால் அனுப்பு.

உன் நண்பரை ஜெபக்குறிப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சத்தியநேசன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "பேரு இல்லாம எப்பிடி ஜெபிக்க? ஆண்டவருக்கு ஆள் மாறிப் போயிரப்பிடாதுல்லா?" என்கிறார். பக்கத்தில் நின்ற ஸ்மைலின், "ஏட்டி, அவரு எந்தச் சபை?" என்று கேட்கிறாள். பெயரை எழுது. சபையையும் எழுதினால் ஸ்மைலினுக்குத் தூக்கம் வரும்.

ஒன்று சொல்ல மறந்தேன். மேலத்தெரு ஷிஜின் மஸ்கட்டிலிருந்து தினமும் அவன் அம்மாவிடம் பேசுகிறான். அவனுடைய ஆப் ஓடுகிறது.

அக்கா


மஸ்கட்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். புரோகிராமின் மூலத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

சபையில் கொடுக்கவா சொன்னேன்? உன்னிடம் ஒன்று சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு மூலம் வந்ததையே குழித்துறை முழுக்க மைக்கில்தான் கேட்டது. சரி, கொடுத்தாயிற்று. அவர் பெயர் பிபின். திருவனந்தபுரம் பக்கம். சபை தெரியாது.

இந்த மாதம் பிளான்ட்டில் பராமரிப்பு வேலை. பதில் தாமதமானால் தேடாதே.

ஞானதாசன்


குழித்துறை
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டேன்! அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தான் வந்து அடுப்பை அணைத்தார்.

பிபினிடம் இப்படிச் சொல். அந்த நிரலின் வாசலில் ஒரு காவலாள் நிற்கிறார். உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, "நீ எழுத்தா?" என்று கேட்கிறார். எழுத்து என்றால் பேச்சுக்கு அனுப்புவார். எண் என்றாலும் அனுப்புவார். இரண்டும் இல்லை என்றால் காற்புள்ளி, அடைப்புக்குறி மாதிரி ஏதோ ஒன்று என்று சத்தமில்லாமல் தள்ளிவிடுவார். எது எழுத்து என்பதை அவர் தானாக முடிவு செய்வதில்லை. தான் எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் வழக்கப்படி சொல்கிறார். எங்கள் பாடத்தில் இதற்கு லொக்கேல் என்று பெயர். ஊர் எது என்று நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால், நிரல் தான் பிறந்த ஊரிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த ஊரில் ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தைத் தவிர வேறு எழுத்தே கிடையாது. தமிழ் முழுக்க அங்கே வெறும் குறி.

ஆக, அது திணறக்கூட இல்லை. பேச ஏதோ இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை.

இதைப் பல வருடமாகப் பாடமாக எடுக்கிறேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அது ஒரு மனிதரின் தொண்டைவரை வந்து நிற்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன். என்னிடம் பேசும் பாகம் இல்லாததால் கேட்டுப் பார்க்க முடியவில்லை. பிபின் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆபரேஷன் எப்போது?

அக்கா


குழித்துறை
14 ஜூலை 2024

அன்புள்ள ஞானதாசன்,

சுகமா? பராமரிப்பு வேலை இன்னுமா முடியவில்லை? அஜிஷாவைக் கூப்பிட்டேன். "டூட்டியில இருக்கேன் மைனி" என்று வைத்துவிட்டாள். பின்னால் யாரோ நடக்கிற சத்தம்கூட இல்லை. வீட்டில் இருப்பவள் போலத்தான் இருந்தது.

சபையில் வாரம் தவறாமல் பிபினுக்காக ஜெபிக்கிறோம். போன ஞாயிறு போதகர் மறந்து முடிக்கப் பார்த்தார். டீக்கடை மரியான் பின்வரிசையிலிருந்து, "பிபின விட்டுட்டீங்களே!" என்று சத்தம் போட்டார். மரியானைத் தெரியுமே, ஆராதனைக்கு வருவதே அபூர்வம்.

ஒரு வரி எழுது மக்கா. 'பிறகு' என்றாவது எழுது.

அக்கா


மஸ்கட்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். பிபினுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு இனிமேல் கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான். சாப்பிட முடிகிறது.

நீ அனுப்பியதைப் போட்டுப் பார்த்தார். தமிழ் பேசியது! முதல் சொல் கேட்டதும் அவர் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் வெட்டி வெட்டிப் பேசுகிறது. 'ஏத்தங்குலை' என்று அடித்தால் 'ஏத, தங, குலை' என்கிறது. 'ஒரு தரம்' என்றால் 'ஒரு தரம'. 'ரெண்டு தரம்' என்றால் 'ரெண, டு தரம'. இப்படிச் சொன்னால் யார் கை தூக்குவார்கள்?

இன்னொன்று, தமிழுக்கு அதில் பெண் குரல் மட்டும்தான் இருக்கிறது. பரவாயில்லையாம்.

ஞானதாசன்


குழித்துறை
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். படித்ததும் பதில் எழுத உட்கார முடியவில்லை. ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன். நம் குழித்துறைத் தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போகிறது. திரும்பி வந்து மறுபடியும் படித்தேன்.

நிரலைப் பற்றிச் சொல்கிறேன். இந்தமுறை பழி புள்ளியின் மேல். காவலாளுக்கு இப்போது ஊர் தெரிகிறது. 'த' எழுத்து என்கிறார், கொம்பையும் காலையும்கூட உள்ளே விடுகிறார். மேலே வைக்கிற புள்ளியை மட்டும் எழுத்து இல்லை என்கிறார். இதை எழுதி வைத்தவர்கள் புள்ளியை வேறு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அதனால் புள்ளி வந்த இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டது என்று நினைத்து வெட்டிவிடுகிறார். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தேன். 'நீ வா' என்று சொல்லலாம். அதற்கு மேல் போகவில்லை.

புள்ளியையும் சேர்த்துக்கொள் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். பிறகு கேள்வியையே மாற்றிவிட்டேன். "நீ எழுத்தா?" என்று இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம். இடைவெளியா, நிறுத்தக்குறியா என்று மட்டும் பார்க்கட்டும். மற்ற எல்லோரும் உள்ளே போகலாம். சோதித்துவிட்டு அனுப்புகிறேன்.

பிபினிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். விழுங்கும்போது வலிக்கிறதா? இரவில் இருமுகிறாரா? கழுத்தைத் தூசி படாமல் மூடிக்கொள்கிறாரா? அவருக்கு ஊரில் ஒரு அக்கா இருந்தால், அவளிடம் சொல்லியிருக்கிறாரா? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் விசாரித்தேன் என்று மட்டும் சொல்.

அக்கா


மஸ்கட்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மைனிக்கு,

அஜிஷா எழுதுகிறேன். அண்ணனும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். உங்கள் கேள்விகளைப் படித்ததுமே எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பிபின் என்று யாரும் இல்லை மைனி. ஆபரேஷன் உங்கள் தம்பிக்குத்தான். கட்டி முழுக்க எடுத்துவிட்டார்கள். கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. டாக்டர்கள் நம்பிக்கையாகச் சொல்கிறார்கள். நானும் நர்ஸ்தான், பொய் நம்பிக்கை என்றால் எனக்குத் தெரியும்.

உங்களிடம் மறைத்தது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஊரே தன்னை நோயாளியாகப் பார்க்கும் என்று பயப்படுகிறார். "ஏலம் விட்ட வாயி"ன்னு சொல்லி உச்சுக் கொட்டுவாங்க என்று எழுதிக் காட்டினார். பண்டிகைக்கு வரமாட்டேன் என்கிறார். வராமல் இருந்துவிட்டால், அதற்கு அப்புறம் ஒருபோதும் ஊருக்கு வரமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பகலில் தனியாக உட்கார்ந்து அந்தப் புரோகிராமில் எதையோ அடித்துக்கொண்டே இருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். குலை விற்கிறார் மைனி.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அஜிஷா


குழித்துறை
15 செப்டம்பர் 2024

அன்புள்ள ஞானதாசன்,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். திருத்திய நிரலை அனுப்பியிருக்கிறேன். எங்கள் கல்லூரிக் கணினியில் பேசும் பாகத்தையும் ஏற்றி, 'ஏத்தங்குலை' என்று அடித்துப் பார்த்தேன். செய்தி வாசிக்கிறவள் மாதிரி முழுசாகச் சொல்கிறாள்.

ஒரு சந்தேகம். இடைவெளியை அவள் இடைவெளியாகவே எடுத்துக்கொள்வதில்லை. 'ரெண்டு தரம் மூணு தரம்' என்று அடித்தால் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறாள். எந்த இடத்தில், எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று எழுதினால் நிரலில் சேர்த்துவிடுவேன். பிபினைக் கேட்டுச் சொல்.

இன்னொரு விஷயம், என்னைத் திட்டாதே. பிபினுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்து, இப்போது கணினி வழியாகப் பேசுகிறார் என்று ஸ்மைலினிடம் மட்டும்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சத்தியநேசன் மைக்கில், "சபையார் ஜெபம் வீண் போகல. பிபின் சகோதரர் அறுப்பின் பண்டிகைக்கு நேர்ல வந்து தோத்திரம் செலுத்துவார்" என்று அறிவித்துவிட்டார். கையெல்லாம் தட்டினார்கள். ஆராதனை முடிந்து நான் ஓடிப்போய்க் கேட்டால், "வராம எங்க போவாரு? ஞானதாசன் கூட்டிட்டு வந்துருவாம்லா" என்கிறார். பெண்கள் சங்கத்தில் பிபினுக்கென்று ஒரு வேட்டியும் எடுத்தாயிற்று.

இதை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ யோசித்து எழுது. நீங்கள் இரண்டு பேரும் வராவிட்டால் மைக் சத்தியநேசன் கையில்தான். அவர் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அக்கா


மஸ்கட்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். புரோகிராம் நன்றாக வேலை செய்கிறது.

நிறுத்துவதை அதில் எழுத வேண்டாம். எத்தனை நேரம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரியும். 'மூணு தரம்' தனியாக இருக்கட்டும். பொத்தானை அமுக்கினால்தான் சொல்ல வேண்டும். அது பிபின் கையிலேயே இருக்கட்டும்.

நவம்பர் 22 காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். டிக்கெட் ஒருவருக்குத்தான். அத்தானைக் காரோடு வரச் சொல். காரில் அவர் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

வேட்டி என்ன கரை?

ஞானதாசன்


குழித்துறை
26 நவம்பர் 2024

அன்புள்ள அஜிஷாவுக்கு,

மைனி எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் முன்னறையில் தூங்குகிறார். இருமல் இல்லை. கஞ்சி, மீன், மரச்சீனிக் கிழங்கு எல்லாம் சாப்பிடுகிறார். உனக்கு விடுமுறை கிடைக்காததில்தான் எங்களுக்கு வருத்தம். நீ பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்தேன். அதை முழுக்க எழுதிவிடுகிறேன்.

கார் வாசலில் நின்றதும் தம்பி இறங்கினான். கழுத்தில் வெள்ளைத் துணி. "வந்தியா மக்கா?" என்றேன். தலையாட்டினான். "கஞ்சியும் பயறும் இருக்கு, குடிக்கியா?" என்றேன். அதற்கும் தலையாட்டினான். அவ்வளவுதான். அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பப்படம் பொரித்தேன். ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தான். முற்றத்தில் குலைகளும் காச்சில் கிழங்கும் சேவல்களும் குவிந்திருந்தன. சத்தியநேசன் மைக்கோடு வந்து, "எங்கப்பா பிபின்? கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டார். இவன் ஏல மேசையில் கணினியை வைத்து, ஒலிபெருக்கி வயரைச் செருகினான். சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டான். கழுத்துத் துணியைப் பார்த்ததும் முன்னால் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அடித்தான். அந்தச் செய்திக்காரிக் குரல் கோயில் சுவரில் மோதிக் கேட்டது.

"சபையாருக்கு தோத்திரம். நீங்க இவ்வளவு நாளும் ஜெபிச்ச பிபின் நான்தான். பேரை மட்டும் மாத்திச் சொல்லிட்டேன். ஆண்டவருக்கு ஆள் மாறல."

சத்தியநேசன் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். ஸ்மைலின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அவ்வளவுதான், இவன் எதற்குப் பயந்தானோ அது தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குள் அவன் அடுத்ததை அடித்துவிட்டான். "ஸ்மைலின் அக்கா, அழுறதுக்குத் தனிக் காணிக்கை உண்டு. செயலாளரே, கண்ணாடி முன்னால பழகினது போதும், குலையத் தூக்கிப் பிடியும்."

முதலில் சிரித்தது மரியான்தான். "எலே ஞானதாசா, இது உன் அக்கா கொரலுமாதிரில்லா இருக்கு!" என்று கத்தினார். இவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடித்தான். "அவ எழுதினதுல்லா, அப்பிடித்தான் அதட்டும்." முற்றமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிக்க வரவில்லை. சிரித்தால் வேறு எதுவோ வந்துவிடும் போலிருந்தது.

ஏலம் தொடங்கியது. இவன் அடிக்கிற வேகத்துக்குக் குரல் ஓடியது. நம் ஊர்ப் பேச்சை அவள் அப்படி அழகாக, ஒவ்வொரு எழுத்தாக, வானிலை அறிக்கை மாதிரி வாசித்தாள். "மரியான் ஏன் ஓடை மீனு மாதிரி நழுவுதீரு?" என்று அவள் நிதானமாகக் கேட்டபோது, மரியான் வெட்கப்பட்டுக்கொண்டு கை தூக்கினார்.

கடைசியாகப் பெரிய ஏத்தங்குலை. சத்தியநேசன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மரியான் ஒரு விலை கேட்க, ஸ்மைலின் வீட்டுக்காரர் மேலே கேட்க, பிறகு யாரும் கேட்கவில்லை.

"ஒரு தரம்."

"ரெண்டு தரம்."

இவன் கையைப் பொத்தானுக்கு மேலே தூக்கியபடியே வைத்திருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. குலையின் பாரத்தில் சத்தியநேசனின் தோள் நடுங்குவது தெரிந்தது. சேவல் ஒன்று கூவி நிறுத்தியது. அப்போதும் அவன் அமுக்கவில்லை.

என் பின்னாலிருந்து ஸ்மைலின் மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி, இது அவந்தான்."

என் பக்கத்தில் அத்தான் கை தூக்கினார். எங்கள் தோட்டத்தில் இரண்டு குலை வெட்டாமல் தொங்குகிறது, அஜிஷா.

ஏலத்தில் எடுத்த குலையில் பாதியைச் சிப்ஸ் வறுத்து அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மைனி